வண்டிக்குள் உறங்கும் இரவு: குளிருக்குப் பயந்து கண்ணாடியை மூடுபவர்கள் அறிய வேண்டியவை

கல்முனையிலிருந்து நுவரெலியாவுக்குப் புறப்படும் வானில் கடைசியாக ஏறுவது பெரும்பாலும் காஸ் அடுப்பும் பாயும்தான். பாடசாலை விடுமுறை விட்டதும் மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று கரையோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வான்கள் மலைக்கு ஏறுகின்றன. ஏப்ரலில் லொட்ஜ் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் பத்துப் பேர் கொண்ட குடும்பத்துக்கு அந்த வாடகை கட்டுபடியாகாது. பெண்களும் பிள்ளைகளும் ஓர் அறையிலும் ஆண்கள் வானிலும் படுத்துக்கொள்கிறார்கள். சில குடும்பங்கள் மொத்தமாக வானிலேயே விடியும்வரை இருந்துவிடுகின்றன. எந்தப் பயணமாக இருந்தாலும் சாரதி வானில்தான் தூங்குகிறார்.

வெளிநாடுகளில் கட்டில், சமையலறை, கழிப்பறை எல்லாம் வைத்து இதற்கென்றே கட்டிய மோட்டார் ஹோம்கள், கரவன்கள் ஓடுகின்றன. நம் நாட்டிலும் வாடகைக்கு விடும் கரவன்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துவிட்டன. அறுகம்பைப் பக்கம் பழைய வானுக்குள் மெத்தை விரித்துத் திரியும் வெள்ளைக்காரர்களை யாரும் பார்க்கலாம். ஆனால் நம்மவர்களுக்கு வண்டியில் உறங்குவது உல்லாசத்தால் வந்த பழக்கமல்ல. மரக்கறி லொறி, மீன் லொறி ஓட்டுபவர்களுக்கு அது தொழில். 2022இல் எரிபொருள் வரிசையில் நாடே நாட்கணக்கில் வண்டிக்குள் உறங்கியது. எனவே இது பணக்காரர் பொழுதுபோக்கைப் பற்றிய கட்டுரை அல்ல.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். நுவரெலியாக் குளிரில் வண்டிக்குள் படுத்தவர் குளிராலேயே இறப்பது மிக அரிது. குளிருக்கும் நுளம்புக்கும் பயந்து எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிவிட்டு, உள்ளேயோ அடியிலோ எதையாவது எரியவிட்டுத் தூங்குவதுதான் உயிரை எடுக்கிறது.

வடகரையில் நடந்தது

2024 டிசம்பர் 23ஆம் திகதி, கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திலுள்ள வடகரையில், தேசிய நெடுஞ்சாலையோரம் நின்ற ஒரு கரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். இருவருமே அந்த வண்டியில் வேலை செய்தவர்கள். ஒருவருடைய உடல் வாசற்படியருகே கிடந்தது. ஏசிக்காக வண்டியின் மின்பிறப்பாக்கியை ஓடவிட்டுப் படுத்திருக்கிறார்கள். கோழிக்கோடு தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் நிபுணர்கள் அதே வண்டியில் அதே நிலைமையை உண்டாக்கிச் சோதித்தார்கள். மின்பிறப்பாக்கியின் புகை வண்டித் தளத்திலிருந்த துவாரம் வழியாக உள்ளே வந்தது தெரிந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளிருந்த காபனோரொட்சைட்டின் அளவு 957 பிபிஎம். காற்றின் பத்து இலட்சம் பங்கில் 957 பங்கு என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாக இருக்கும். 800ஐத் தாண்டினாலே முக்கால் மணித்தியாலத்தில் தலையிடியும் குமட்டலும் தொடங்கும், இரண்டு மூன்று மணித்தியாலத்தில் உயிர் போகலாம்.

அவர்கள் வேலை செய்தது உறங்குவதற்கென்றே கட்டிய வண்டியில். தினமும் அதைக் கையாண்டவர்களுக்கே தெரியாமல் போன ஆபத்து இது.

காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் உறுத்தாது. குருதியிலுள்ள ஈமோகுளோபினை அது ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலையிடி, தலைச்சுற்று, வாந்தி, கால் துவளுதல் என்று அறிகுறி காட்டும். தூங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை, தூக்கம் மயக்கமாகிவிடும். எனவே “புகை மணக்கவில்லை, பயமில்லை” என்ற பேச்சுக்குப் பொருளே கிடையாது.

உப்புக்காற்றின் வேலை

கடற்கரை ஊர் வண்டிகளுக்கு ஒரு தனிப் பிரச்சினை உண்டு. பாண்டிருப்பிலோ காரைதீவிலோ வீட்டு வாசலில் பத்து வருடம் நின்ற வானின் மேல்பூச்சு பளபளக்கும், அடிப்பாகமோ உப்புக்காற்றில் அரித்துப்போயிருக்கும். சைலன்சர் குழாயின் மூட்டுகள், அதைத் தாங்கும் கொக்கிகள், பின்சில்லுக்கு மேலுள்ள தகடு ஆகியவற்றில்தான் துரு முதலில் பிடிக்கிறது. சைலன்சரில் ஓட்டையும் தளத்தில் ஓட்டையும் அருகருகே விழுந்துவிட்டால் வடகரையில் நடந்தது இங்கும் நடக்கலாம். வண்டி ஓடும்போது காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் ஒன்றும் தெரியாது. நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் புகை அடியிலேயே தேங்கி, கிடைத்த வழியால் மேலே ஏறும்.

நீண்ட பயணத்துக்கு முன் டயரையும் எண்ணெயையும் பார்க்கிறோம். கராஜில் வண்டியை உயர்த்தி சைலன்சரை முழு நீளத்துக்கும் பார்க்கச் சொல்பவர் குறைவு. கூடவே தளத்தில் வயர் போகும் துவாரங்களின் ரப்பர், பின்கதவைச் சுற்றிய ரப்பர் பட்டி, முன் இருக்கைக்கு அடியில் எஞ்சின் உள்ள வான்களில் அந்த மூடியின் ஓரம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏசி பூட்டியபோதும், பாட்டுப் பெட்டி பூட்டியபோதும் துளைத்துவிட்டு அடைக்காமல் விட்ட துவாரங்கள் பழைய வான்களில் சாதாரணம்.

“கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவிட்டால் போதும், ஏசியைப் போட்டுக்கொண்டு படுக்கலாம்” என்று அனுபவசாலிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இது பாதி உண்மை என்பதால் கூடுதல் ஆபத்தானது. இரண்டு விரல் இடைவெளி மூச்சுக்காற்றுக்கும் ஈரத்துக்கும் போதும், ஓடும் எஞ்சினுக்குப் போதாது. காற்று பின்னாலிருந்து வீசினால் அந்த இடைவெளியாலேயே சைலன்சர் புகை உள்ளே வரும். மதிலுக்குப் பின்புறத்தைக் காட்டி நிறுத்தினாலும், சைலன்சர் வாய் மணலிலோ புல்லிலோ புதைந்திருந்தாலும் இன்னும் மோசம். காய்ந்த புல்லென்றால் சூடான சைலன்சர் தீயும் வைக்கும். உறங்கும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் ஓடவில்லை, சத்தமே இல்லை என்று நினைத்து ஏசியைப் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். பற்றரி இறங்கியதும் எஞ்சின் தானாகவே ஓடத் தொடங்கும். மூடிய கராஜுக்குள்ளோ வீட்டுப் போர்ட்டிகோவிலோ இப்படி நடந்தால் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் ஆபத்து.

அடுப்பு, கரி, நுளம்புச் சுருள்

மழை பெய்கிறதென்று வானின் பின்கதவைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே தேநீர் வைப்பவர்கள் உண்டு. தேநீர் வைப்பது ஐந்து நிமிட வேலைதான், ஆனாலும் உள்ளே அடுப்பு மூட்டுவது பிழை. அடுப்பைச் சூட்டுக்காக எரியவிடுவது அதைவிடப் பெரிய பிழை. எரியும் எந்த அடுப்பும் மூடிய இடத்தில் ஒட்சிசனைத் தின்னும், நச்சுவாயுவையும் கக்கும்.

கரி இதைவிடக் கொடியது. கோழி சுட்ட கரிச்சட்டியில் தீச்சுவாலை அடங்கி வெறும் தணல் மட்டும் இருக்கும்போது புகையே இருக்காது. இதமான சூடு வரும். காபனோரொட்சைட்டு ஏராளமாக வெளியேறுவதும் அந்த நேரத்தில்தான். நம் ஊர்களிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. குவைத்தில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை பாலைவன முகாம் காலம். எசமான் வீட்டாரோடு நம்மூர்ச் சாரதியும் சமையல்காரரும் போவார்கள், வீட்டார் கூடாரத்திலும் கரவனிலும் படுக்க இவர்கள் வண்டியில் படுப்பார்கள். பாலைவனக் குளிர் நுவரெலியாவுக்குச் சளைத்ததல்ல. மூடிய இடத்தில் கரி மூட்டாதீர்கள் என்று அங்குள்ள தீயணைப்பு, சிவில் பாதுகாப்புத் துறைகள் ஒவ்வொரு குளிர்காலமும் எச்சரிக்கின்றன. ஒவ்வொரு குளிர்காலமும் யாராவது இறக்கவும் செய்கிறார்கள். வெளிநாட்டில் உள்ள பிள்ளைக்குத் தொலைபேசியில் “சாப்பிட்டியா” என்று கேட்கும்போது இதையும் ஒரு தரம் சொல்லி வையுங்கள்.

எரிவாயு கசிவு வேறு வகை ஆபத்து. 2021 நவம்பர், டிசம்பரில் வீடுகளில் அடுத்தடுத்து நடந்த எரிவாயு வெடிப்புகளை நாம் மறந்திருக்க முடியாது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் படியும். வானில் அதே தரையில்தான் பாய் விரித்துப் படுக்கிறோம். இரவில் சிலிண்டரை ரெகுலேட்டர் கழற்றி வண்டிக்கு வெளியே, நிமிர்த்தி வையுங்கள். கையடக்க அடுப்புக்கான சிறிய கான்களில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். பூச்சியப் பாகைக்குச் சற்றுக் கீழேயே கொதிக்கும் வாயு அது என்பதால், மலையின் விடியற்காலைக் குளிரில் சுவாலை சோர்ந்துவிடும். அதற்காகக் கானை நெருப்பில் காட்டிச் சூடாக்கும் விளையாட்டு வேண்டாம். போர்வைக்குள் சற்று நேரம் வைத்திருந்தாலே போதும்.

நுளம்புச் சுருளை வானுக்குள் கொளுத்திவிட்டுக் கண்ணாடியை மூடுவது நம்மவர்களின் நிரந்தரப் பழக்கம். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. இழுப்பு உள்ள பிள்ளையோடு இந்தப் புகையில் இரவைக் கழிக்க வேண்டுமா? பழைய நுளம்பு வலையைக் கதவளவுக்கு வெட்டி, கதவுச் சட்டத்துக்கு மேலால் போட்டுக் கதவை மூடினால், கண்ணாடியைப் பாதி இறக்கலாம், நுளம்பும் வராது. காற்று, ஈரம், நுளம்பு என்ற மூன்றுக்கும் சில நூறு ரூபாவில் தீர்வு.

குளிரை வெல்வது

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சாதாரணமாக 10 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்கும், துகள் உறைபனி விழும் நாட்களில் பூச்சியத்தை நெருங்கும். அதே இரவில் கல்முனையில் 23, 24 பாகை இருக்கும். ஒரு நாள் பயணத்தில் உடல் இந்த வித்தியாசத்தைத் தாங்க வேண்டியிருக்கிறது. கையில் இருப்பதோ மருதமுனைக் கைத்தறிச் சாரமும் ஒரு பெட்சீற்றும். நம் வெக்கைக்கு அதைவிடச் சிறந்த உடை இல்லை, ஆனால் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரமான பருத்தி குளிரை உடலோடு ஒட்டவைக்கும்.

வண்டிக்குள் ஈரம் எங்கிருந்து வருகிறது? நம் மூச்சிலிருந்துதான். ஏழெட்டுப் பேர் இரவு முழுதும் விடும் மூச்சில் ஒரு லீற்றருக்கும் மேல் நீர் சேர்ந்துவிடும். அதுதான் கண்ணாடியில் வழிந்து, விடியும்போது தலையணையை நனைக்கிறது. இதனால் எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடிகளைச் சற்று இறக்கி வைத்த வண்டியில், முழுவதும் மூடிய வண்டியைவிட நன்றாக உறங்கலாம். முதல் பத்து நிமிடம் குளிரும், பிறகு பழகிவிடும்.

சூடு கீழாலும் கண்ணாடியாலும் தப்பிப் போகிறது. மேலே மூன்று போர்வை போர்த்தி, கீழே வெறும் றெக்சீன் இருக்கையில் படுப்பவருக்குக் குளிர் விடாது. கீழே தடித்த அட்டையும் அதன்மேல் பன்பாயும் விரித்துப் படுத்துப் பாருங்கள். வெட்டிய பிஸ்கட் பெட்டி அட்டையே போதும். கண்ணாடிகளுக்கும் வெள்ளிநிற வெயில் மறைப்பையோ அதே அட்டையையோ அளவாக வெட்டிச் செருகலாம், மேலே காற்றுக்கு மட்டும் வழி விட்டு. பகலில் போட்ட உடுப்போடு படுக்காமல் காய்ந்த உடுப்புக்கு மாறி, காலுறையும் தொப்பியும் போட்டுக்கொள்ளுங்கள். கொதித்து ஆறிய சுடுநீரை இறுக மூடும் போத்தலில் விட்டு, துவாயால் சுற்றிக் கால்மாட்டில் வைத்தால் நடுச்சாமம் வரை சூடு நிற்கும். கைக்குழந்தையின் பக்கத்தில் அதை வைக்கக்கூடாது. குழந்தையின் முகத்தைப் போர்வை மூடாமலும், இரு பெரியவர்களுக்கு நடுவில் நசியாமலும் பார்க்க யாராவது ஒருவர் இடையிடையே எழும்ப வேண்டும். வாப்பாவுக்கோ உம்மாவுக்கோ நெஞ்சு வருத்தம், இழுப்பு இருந்தால் எப்படியாவது அறை ஒன்று எடுத்துவிடுங்கள். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வசதி உள்ளவர்கள் வண்டிக்கு டீசல் ஹீட்டர் பூட்டுகிறார்கள். எரிபொருள் எரியும் அறைக்கு வெளிக்காற்றை எடுத்து, புகையையும் வெளியே விடும் வகை என்றால் சரி, அதன் புகைக்குழாய் மூட்டுகள் இறுக்கமாக இருக்கும்வரை. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்குவது அதைவிட முக்கியம். கரவன்களுக்குப் பொருத்தமானதாக ஐரோப்பாவில் ஏற்கப்படும் தரம் ஈஎன் 50291-2. பெட்டியில் அந்த எண்ணைப் பாருங்கள். ஆயுட்காலமும் எழுதியிருக்கும், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து வருடம். வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் சொக்லேட்டுக்குப் பதில் இதைக் கொண்டுவரச் சொல்லலாம். படுப்பவரின் தலை மட்டத்துக்கு அருகே பொருத்த வேண்டும். சமையல் எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி வேறு, அதைத் தரையருகே வைக்க வேண்டும். இரண்டையும் ஒன்றென நினைத்து வாங்கி ஏமாறாதீர்கள்.

எங்கே நிறுத்துவது

மலையில் மண்வெட்டிய சரிவுக்குக் கீழேயும் ஓடைக்கு அருகிலும் இரவில் நிற்காதீர்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தில் செய்த அழிவுக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையைப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. புறப்படும் நாளிலும் படுக்கும் முன்பும் பார்க்கலாம்.

நம் கரையிலும் மாரி காலப் பயணத்துக்கு அவசரம் ஆகாது. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில் மத்ரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டதை இந்த மாவட்டம் மறக்காது. இருட்டில் வீதிக்கு மேலால் ஓடும் நீரின் ஆழம் தெரியாது. அங்கேயே உயர்ந்த இடத்தில் நிறுத்தி வண்டியில் விடியும்வரை உறங்குவதுதான் அப்போது பாதுகாப்பான முடிவு.

கடற்கரை மணலில் நிறுத்துபவர்கள் வண்டியின் முகத்தை வீதிப்பக்கம் வைத்து நிறுத்தட்டும். 2004இல் ஆகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த கரை இது. நிலம் அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ மேற்கே ஓட வேண்டும், வண்டியைத் திருப்ப நேரம் இருக்காது. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றுகொண்டே வருவதால் போன வருடம் நிறுத்திய இடம் இந்த வருடம் இருக்குமென்பதும் நிச்சயமில்லை. தென்னைக்குக் கீழே நிழலென்று நிற்பது வேறு விஷயம், தேங்காய்க்குக் கரவனென்றும் காரென்றும் தெரியாது.

பொத்துவிலிலிருந்து சியம்பலாண்டுவைக்கு ஏறும் ஏ4 வீதி லகுகல தேசிய பூங்காவை ஒட்டிப் போகிறது. அங்கே இரவில் யானை வீதியைக் கடக்கும். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக்கோடு சாப்பாட்டைத் தின்னும் படங்கள் உலகம் முழுதும் போயின. சோற்றுப் பார்சல் மணத்துக்கு இந்தப் பக்கத்து யானைகள் பழகிவிட்டன. மிச்சச் சோறு, வாழைப்பழம், உப்பு எதையும் வண்டிக்குப் பக்கத்தில் கொட்டாதீர்கள். கூடியவரை அந்தத் துண்டைப் பொழுது சாய முன் கடந்துவிடுங்கள்.

பள்ளிவாசல் வளவுகள்தான் நம் பயணிகளுக்குப் பழக்கமான தங்குமிடம். வெளிச்சம், தண்ணீர், கழிப்பறை எல்லாம் உண்டு, சுபஹுக்கு எழுப்பவும் ஆளிருக்கும். முஅத்தினிடமோ நிர்வாகத்திடமோ கேட்டுவிட்டு நிறுத்துவது மரியாதை. மட்டுமல்ல, உள்ளே ஆட்கள் உறங்குகிறார்கள் என்று வெளியே ஒருவருக்குத் தெரிந்திருப்பது பெரிய பாதுகாப்பு. பெண்கள் இருந்தால் திரைச்சீலையும், நடந்து போகும் தூரத்தில் கழிப்பறையும் உள்ள இடமாகப் பாருங்கள்.

வண்டிக்குள் ஒழுங்கு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சறுக்குக் கதவுக்குக் குறுக்கே பை அடுக்கக்கூடாது. பிள்ளைப்பூட்டு திறந்திருக்க வேண்டும். சாவியும் டோர்ச்சும் எங்கே என்று உள்ளே படுக்கும் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தலையிடியோடு எழுந்தால்

ஒரே வண்டியில் படுத்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலையிடியும் வாந்தியும் வந்தால் அதைச் சாப்பாட்டின் தலையில் போடாதீர்கள். எல்லாக் கதவையும் திறந்து, எஞ்சினையும் அடுப்பையும் நிறுத்தி, எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள். மயங்கியவரை உள்ளே வைத்துத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தால் நீங்களும் விழுவீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். வைத்தியரிடம் “மூடிய வண்டிக்குள் எஞ்சின் ஓடியது” அல்லது “கரி எரிந்தது” என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை நம்பாதீர்கள். காபனோரொட்சைட்டு ஒட்டிய குருதியையும் அது ஒட்சிசன் உள்ள குருதியாகவே கணக்கெடுத்து 98, 99 என்று காட்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் உடலிலுள்ள நச்சில் பாதி குறையவே நான்கைந்து மணித்தியாலம் எடுக்கும். முகமூடி வழியே தூய ஒட்சிசன் கொடுத்தால் அது ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலமாகக் குறையும். “இப்ப சுகம்தானே” என்று வைத்தியசாலைக்குப் போகாமல் திரும்புவது பிழை.

இனி சாரதி. குடும்பம் அறைக்குள் போன பிறகு குளிரில் தனியே வானில் இருப்பவர் அவர். விறைத்தால் எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டரைப் போடுவார், கேட்பதற்கு யாரும் இல்லை. காலையில் மஹியங்கனைப் பக்கத்து 18 வளைவுகளில் உங்கள் பிள்ளைகளை இறக்கிக்கொண்டு வருவதும் அவரேதான். வான் பேசும்போதே சாரதிக்கு ஒரு கட்டிலையும் கணக்கில் சேருங்கள். நுவரெலியாவில் சாரதிகளுக்கென்று தனி அறை வைத்திருக்கும் லொட்ஜ்கள் உண்டு, முன்பதிவு செய்யும்போதே கேட்கலாம். அதுவும் கிடைக்காவிட்டால் நல்ல கம்பளி ஒன்றையும், கீழே விரிக்க அட்டையையும், சுடுநீர்ப் போத்தலையும் கொடுத்துவிட்டு, எஞ்சினை நிறுத்தியாயிற்றா என்று பார்த்துவிட்டு அறைக்குப் போங்கள்.